இசே ஜிங்கூ வழிபாடு: கெக்கூவில் தொடங்கி நைக்கூவில் முடிக்க முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் மியெ மாகாணத்தில், இசே நகரில் உள்ள ஷிந்தோ (ஜப்பானின் மரபுச் சமயம்) திருத்தலத்தின் முறையான பெயர் ‘ஜிங்கூ’ மட்டுமே. ஊர்ப்பெயரைச் சேர்த்து ‘இசே ஜிங்கூ’ என்பது பேச்சு வழக்கு. இதை ஒரே கோயில் என்று எண்ணிக்கொண்டு போனால் முதல் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். சூரியத் தெய்வமான அமதெரசு ஓமிகாமிக்கு நைக்கூ, அவருக்கு உணவளிக்கும் தெய்வமான தொயோஉகே ஓமிகாமிக்கு கெக்கூ என்று இரண்டு பெரிய சன்னிதிகள் உண்டு. இவற்றைச் சேர்ந்த சிறியவையும் பெரியவையுமான சன்னிதிகளையும் கூட்டினால் மொத்தம் 125. நைக்கூவும் கெக்கூவும் சுமார் 5 கிலோமீட்டர் இடைவெளியில், தனித்தனிக் காடுகளுக்குள் இருக்கின்றன.

இசேக்கு வந்து ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் நடுப்பகலில் பஸ் பிடித்து நேராக நைக்கூவுக்குப் போயிருப்பார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் அரை நிமிடம் நின்றிருப்பார்கள். “உள்ளே ஒன்றுமே தெரியவில்லையே” என்ற கேள்வியோடு கடைத்தெருவுக்கு வந்துவிடுவார்கள். உண்மையில் உள்ளே எதுவும் தெரியாது. மூலசன்னிதியைச் சுற்றி நான்கு அடுக்கு வேலி. தெய்வத்தின் குறியீடாக உள்ளே இருக்கும் யாதா நோ ககாமி என்ற கண்ணாடியைப் பொதுமக்கள் யாரும் பார்த்ததில்லை. பார்க்க முடியாத இந்தத் தலத்தில் எதை எங்கே பார்க்க வேண்டும், எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால்தான் இசே பிடிபடும்.

எப்போது போவது

இரண்டு சன்னிதிகளும் காலை 5 மணிக்குத் திறக்கின்றன. மூடும் நேரம் மாதத்தைப் பொறுத்து மாறும்: ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் செப்டம்பரிலும் மாலை 6 மணி, மே முதல் ஆகஸ்ட் வரை 7 மணி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 5 மணி. நுழைவுக் கட்டணம் கிடையாது.

முந்தைய நாள் மாலையே இசேஷி ரயில் நிலையத்துக்கு அருகில் அறை எடுத்துத் தங்கி, காலை 6 மணிக்கு கெக்கூவில் இருப்பதுதான் எங்கள் உறுதியான பரிந்துரை. காலை 9 மணிக்குப் பிறகு சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கும். அதற்கு முன்பு அந்தக் காட்டில் உங்கள் காலடியில் நொறுங்கும் கூழாங்கற்களின் ஓசை மட்டும்தான் கேட்கும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: புத்தாண்டின் முதல் வாரம், ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலான தொடர் விடுமுறை, நீண்ட வார இறுதிகள். மாதத்தின் முதல் நாளிலும் கூட்டம் இருக்கும். அன்று விடியற்காலையிலேயே வந்து, முடிந்த மாதத்துக்கு நன்றி சொல்வது உள்ளூர்க்காரர்களின் வழக்கம். அந்தக் கூட்டம் சலசலப்பு இல்லாதது, பார்க்க வேண்டியது. மாதத்தின் 1, 11, 21 ஆகிய நாட்களில் காலை 8 மணியளவில், தெய்வத்துக்குரிய குதிரையை அலங்கரித்து மூலசன்னிதி முன் அழைத்துவந்து தலைவணங்கச் செய்வார்கள். தேதியை உங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடிந்தால் 11 அல்லது 21ஆம் தேதியைத் தேர்ந்தெடுங்கள். குதிரையையும் பார்க்கலாம், மாத முதல்நாள் நெரிசலும் இருக்காது.

ஆண்டின் மிகப் பெரிய விழா அக்டோபர் நடுவில் வரும் கன்னமெசாய். அந்த ஆண்டின் புதுநெல்லை முதலில் தெய்வத்துக்குப் படைக்கும் விழா அது. 15ஆம் தேதி இரவு கெக்கூவிலும், 16ஆம் தேதி இரவு நைக்கூவிலும் தொடங்கும்.

போய்ச் சேர்வது

நகோயாவிலிருந்தும் ஒசாக்காவிலிருந்தும் கின்தெத்சு என்ற தனியார் ரயில் நேராக இசேஷிக்கு வருகிறது. விரைவு ரயிலில் நகோயாவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஒசாக்கா நம்பாவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம், கியோத்தோவிலிருந்து இரண்டு மணி நேரம். டோக்கியோவிலிருந்து வருபவர்கள் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நகோயா வந்து மாற வேண்டும்.

பணம் வீணாவது பெரும்பாலும் டிக்கெட் விஷயத்தில்தான். வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் கின்தெத்சு ரயிலில் செல்லாது. கின்தெத்சு விரைவு ரயிலுக்குப் பயணச் சீட்டோடு விரைவுக் கட்டணச் சீட்டும் தனியாக வாங்க வேண்டும். ஜேஆர் பாஸைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நகோயாவிலிருந்து ‘மியெ’ என்ற ஜேஆர் துரித ரயில் இருக்கிறது. ஆனால் அது நடுவில் கொஞ்ச தூரம் இசே ரயில்வே என்ற வேறொரு நிறுவனத்தின் பாதையில் ஓடுகிறது. அந்தப் பகுதிக்கான சிறு கட்டணத்தை வண்டியிலேயே கேட்பார்கள். மோசடி என்று எண்ணி வாக்குவாதம் செய்யாதீர்கள், அது முறையான கட்டணம்தான்.

இறங்க வேண்டியது இசேஷி நிலையத்தில். அடுத்த நிலையமான உஜியமதாவில் இறங்கினாலும் கெக்கூவுக்கு நடக்கலாம், கொஞ்சம் கூடுதல் தூரம். இசேஷியில் ஜேஆர் பக்க வாசலில் வெளியே வந்தால் எதிரே நேராகப் போகும் தெரு ஐந்து நிமிட நடையில் கெக்கூவில் முடியும். பெட்டி படுக்கையை நிலையத்து லாக்கரில் வைத்துவிடுங்கள். சக்கரப் பெட்டியைக் கூழாங்கல் பாதையில் இழுக்க முடியாது.

என்ன அணிவது, என்ன கொண்டுபோவது

செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. நம் கோயில் பழக்கத்தில் வாசலில் காலணி விடும் இடத்தைத் தேடுவோம், இங்கே அப்படி ஓர் இடமே கிடையாது. மாறாக, நல்ல காலணி அவசியம். இரண்டு வளாகங்களிலும் பாதை முழுக்க தடித்த கூழாங்கற்கள். குதிகால் உயர்ந்த காலணி புதையும், மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பில் அரை மணி நேரத்திலேயே பாதம் வலிக்கும்.

உடைக்குக் கட்டாய விதி எதுவும் இல்லை. ஆனாலும் தோளும் முழங்காலும் மூடிய உடையே இடத்துக்குப் பொருந்தும். வளாகத்துக்குள் சாப்பிடவும் புகைபிடிக்கவும் கூடாது. சில்லறை நாணயங்களும், சிறிய கைக்குட்டை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கைகழுவும் இடத்தில் துடைக்க எதுவும் இருக்காது.

சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கு வாசலில் இலவசமாகத் தருகிறார்கள். சாதாரணச் சக்கரம் கூழாங்கல்லில் சிக்கிக்கொள்ளும் என்பதால், சொந்த நாற்காலி இருந்தாலும் அங்கே தருவதைக் கேட்டுப் பாருங்கள். நைக்கூவின் மூலசன்னிதிக்கு முன் கற்படிகள் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வீட்டில் இறப்பு நேர்ந்து 50 நாள் ஆகாதவர்கள் ஷிந்தோ சன்னிதிக்குப் போவதைத் தவிர்ப்பது ஜப்பானிய வழக்கம். வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள். தீட்டு என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல என்பதால் சொல்லி வைக்கிறோம்.

கெக்கூ முதலில்

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இசேயின் பெரிய சடங்குகள் பெரும்பாலும் கெக்கூவில் முதலிலும் நைக்கூவில் பிறகும் நடக்கின்றன. வழிபட வருபவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். கெக்கூவில் குடியிருக்கும் தொயோஉகே, அமதெரசுவுக்கு உணவு தருபவர். தினமும் காலையும் மாலையும், மரத்தை மரத்தோடு கடைந்து எழுப்பிய நெருப்பில் சமைத்த சோறு, உப்பு, நீர், மீன், காய்கனி முதலியவற்றைப் பூசகர்கள் இங்கே படைக்கிறார்கள். கெக்கூ எழுந்ததாக மரபு சொல்லும் காலத்திலிருந்து, அதாவது சுமார் 1,500 ஆண்டுகளாக, இது தொடர்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. பசியாற்றியவரைப் பார்த்துவிட்டுத்தான் பெரியவரைப் பார்க்கப் போக வேண்டும்.

ஹியோகே பாலத்தைக் கடந்ததும் இடப்பக்கம் கைகழுவும் மண்டபம். கெக்கூவில் பாதையின் இடது ஓரமாகவும், நைக்கூவில் வலது ஓரமாகவும் நடக்க வேண்டும். பாதையின் நடுப்பகுதி தெய்வம் செல்லும் வழி.

தீர்த்தத்தில் கைகழுவும் முறை ஜப்பான் முழுவதும் ஒன்றே. வலக்கையால் அகப்பையை எடுத்து நிறைய நீர் மொண்டுகொள்ளுங்கள். இடக்கையில் கொஞ்சம் ஊற்றுங்கள். அகப்பையை இடக்கைக்கு மாற்றி வலக்கையில் ஊற்றுங்கள். மீண்டும் வலக்கையில் பிடித்து, இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளியுங்கள். அந்த இடக்கையை மறுபடி கழுவுங்கள். கடைசியாக அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மீதி நீர் காம்பின் வழியே வழிந்து, நீங்கள் பிடித்த இடத்தைக் கழுவிவிடும். பிறகு கவிழ்த்து வையுங்கள்.

இத்தனையும் ஒரே மொள்ளலில் முடிய வேண்டும். முதல் கையிலேயே பாதி நீரைக் கொட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. அகப்பையை வாயில் வைக்கக் கூடாது. கொப்பளித்த நீரைத் தொட்டியில் துப்பக் கூடாது, கீழே உள்ள வடிகாலில் தலையைக் குனிந்து விட வேண்டும். அகப்பை வைக்காமல் குழாய் வழியே நீர் ஒழுகும் இடமாக இருந்தால் கைகளை மட்டும் கழுவினால் போதும்.

அடுத்து தோரி வாயில். நுழையும் முன் நின்று, தொப்பியையும் குளிர்கண்ணாடியையும் கழற்றிவிட்டு, ஒருமுறை இடுப்பு வளையக் குனிந்து வணங்குங்கள். திரும்பி வரும்போது வாயிலைக் கடந்ததும் உள்ளே நோக்கித் திரும்பி மறுபடி ஒரு வணக்கம். மற்ற ஷிந்தோ சன்னிதிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கே சிலவற்றைக் காணாமல் திகைப்பார்கள். வாயிலில் கல் சிங்கம் இல்லை. தோரியில் வைக்கோல் கயிறு இல்லை, அதற்குப் பதில் தூண்களில் சகாகி என்ற பசுமை மாறாத செடியின் கிளைகள். கயிறு பிடித்து ஆட்டும் மணியும் இல்லை, குறி சொல்லும் சீட்டும் இல்லை. இசேக்கு வந்ததே பெரும் பேறு, இங்கே தனியாகக் குறி பார்க்க என்ன இருக்கிறது என்பது உள்ளூரில் சொல்லும் விளக்கம்.

மூலசன்னிதியின் முன் வணங்கும் முறை: நேராக நின்று இரண்டு முறை ஆழமாகக் குனியுங்கள், முதுகு ஏறக்குறைய தரைக்கு இணையாக வர வேண்டும். மார்புக்கு நேராகக் கைகளைச் சேர்த்து, வலக்கை விரல்களைச் சற்றுக் கீழே இறக்கி, இரண்டு முறை தட்டுங்கள். விரல்களை மறுபடி ஒன்றாகச் சேர்த்துக் கும்பிட்டு மனத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். கைகளை இறக்கி இன்னொரு முறை குனியுங்கள். பூசகர்கள் செய்யும் முறை இதைவிட நீளமானது, அது அவர்களுக்குரியது.

சொல்ல வேண்டியது எது என்பதில் இசேக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு மூலசன்னிதிகளிலும் வேலை, கல்யாணம், பரீட்சை என்று சொந்த வேண்டுதல் வைப்பதில்லை. நன்றி மட்டும். முற்காலத்தில் பேரரசர் தவிர வேறு யாரும் இங்கே தனிப்பட்ட காணிக்கை செலுத்தவே தடை இருந்தது. அதனால்தான் மூலசன்னிதி முன் வழக்கமான உண்டியல் பெட்டியைக் காண முடியாது. நாணயம் போட விரும்புபவர்களுக்காகத் தரையில் வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். தூரத்திலிருந்து எறியாமல் மெல்ல இடுங்கள். அர்ச்சனைத் தட்டு, பெயர் நட்சத்திரம் சொல்வது, பிரதட்சிணம் எதுவும் இல்லை. வேலியைச் சுற்றி வர வழியும் கிடையாது. உங்கள் வேண்டுதலுக்கு வேறு இடம் இருக்கிறது.

மூலசன்னிதிக்குப் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு வெற்று மனை, நடுவில் கூண்டு போன்ற ஒரு சிறு மரக்குடில். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். இசேயின் மையமே அதுதான். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் சன்னிதியை முழுவதும் புதிதாகக் கட்டி, தெய்வத்தை இரவில் இடம் மாற்றி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். ஷிகினென் செங்கூ என்பது இதன் பெயர். பேரரசி ஜிதோ காலத்தில் 690ஆம் ஆண்டு நைக்கூவில் முதலாவது நடந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் 120 ஆண்டுகளுக்கு மேல் தடைப்பட்டதைத் தவிர, இன்றுவரை தொடர்கிறது. 62ஆவது 2013 அக்டோபரில் நடந்தது, அடுத்தது 2033இல். ஏன் 20 ஆண்டு என்பதற்கு எழுதி வைத்த காரணம் கிடையாது. ஆனால் கட்டுமானத்தைப் பார்த்தால் ஓரளவு புரியும். ஹினோகி மரத்தூண்களை அஸ்திவாரக் கல் இல்லாமல் நேரே மண்ணில் நட்டு, மேலே புல் வேய்கிறார்கள். ஈரமான காட்டில் அது நெடுநாள் தாங்காது. 20 ஆண்டு என்பது ஒரு தச்சர் கற்றுக்கொள்ளவும், பிறகு நடத்தவும், கடைசியில் கற்பிக்கவும் போதுமான இடைவெளியும்கூட. கட்டடத்தோடு உள்ளே வைக்கும் உடை, வாள், நெசவு என்று 714 வகையில் 1,576 பொருட்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்படுகின்றன.

ஆகவே “இந்தக் கோயில் எத்தனை பழையது?” என்ற கேள்விக்கு இங்கே இரண்டு விடை உண்டு. மரத்துக்கு இன்னும் 20 வயது ஆகவில்லை. வடிவத்துக்கு 1,300 ஆண்டு.

கெக்கூவில் மூலசன்னிதிக்குப் பிறகு, குளத்தின் மேல் ஒற்றைக் கல்லாகக் கிடக்கும் ஆமைக்கல்லைக் கடந்து, 98 படி ஏறி தகா நோ மியாவுக்குப் போங்கள். தொயோஉகேயின் வீரியமிக்க வடிவம் அங்கே இருப்பதாக நம்பிக்கை. சொந்த வேண்டுதலை அங்கே வைக்கலாம். படியிறங்கி, நிலத்துக்கான த்சுச்சி நோ மியா, காற்றுக்கான கசே நோ மியா இரண்டையும் வணங்கிவிட்டு வந்தால் கெக்கூ முடிந்தது. மொத்தம் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்.

வாசலுக்கு அருகில் குளக்கரையில் செங்கூகான் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் 300 யென். கெக்கூ மூலசன்னிதியின் ஒரு பகுதியை உண்மையான அளவிலேயே உள்ளே கட்டி வைத்திருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் இருப்பதை அருகிலிருந்து பார்க்க நமக்குக் கிடைக்கும் ஒரே வழி. காலை 9 மணிக்குத்தான் திறக்கும், மாதத்தின் நான்காவது செவ்வாய் விடுமுறை. விடியலில் கெக்கூ பார்ப்பவர்கள் நைக்கூ முடித்துத் திரும்பும்போது இதற்கு வரலாம்.

நைக்கூவுக்கு மாறுதல்

கெக்கூ வாசலிலேயே நைக்கூ பஸ் நிற்கும். பயணம் 15 முதல் 20 நிமிடம். விடியற்காலையில் பஸ் குறைவு, முந்தைய நாளே முதல் பஸ்ஸின் நேரத்தைப் பார்த்து வையுங்கள். மூன்று நான்கு பேராக இருந்தால் டாக்சியே வசதி. புத்தாண்டுக் காலத்தில் சாலையில் கட்டுப்பாடு இருப்பதால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

நேரமிருப்பவர்கள் நடுவழியில் த்சுகியோமி நோ மியாவில் இறங்கலாம். சந்திரத் தெய்வத்துக்கான சன்னிதி. நான்கு சிறு சன்னிதிகள் ஒரே வரிசையில் நிற்கும். ஓரத்திலிருந்து தொடங்கக் கூடாது: வலமிருந்து இரண்டாவதை முதலில், வலக்கோடியில் உள்ளதை இரண்டாவதாக, பிறகு மூன்றாவது, கடைசியில் இடக்கோடி. பெரும்பாலும் ஆளே இருக்காது.

நைக்கூ: பாலம் முதல் படி வரை

உஜி பாலத்தில் தொடங்குகிறது நைக்கூ. நீளம் 101.8 மீட்டர், முழுவதும் மரம். மேல்தளம் ஹினோகி, நீரில் நிற்கும் தூண்கள் கேயாகி. பாலத்தின் மேல்நீர்ப் பக்கம் பார்த்தால் ஆற்றுக்குள் தனியாகச் சில கம்பங்கள் நட்டிருக்கும். வெள்ளத்தில் மிதந்துவரும் மரங்கள் பாலத்தை இடிக்காமல் தடுப்பவை அவை. பாலத்தின் இரு முனைகளிலும் உள்ள தோரிகளை நின்று பாருங்கள். உள்பக்கத்தில் இருப்பது நைக்கூவின் முந்தைய மூலசன்னிதியில் உத்திரம் தாங்கிய தூண்களிலிருந்தும், வெளிப்பக்கத்தில் இருப்பது கெக்கூவின் தூண்களிலிருந்தும் செய்தவை. 20 ஆண்டு சன்னிதியில், பிறகு 20 ஆண்டு இங்கே. அதன் பின் பழைய தொகாய்தோ நெடுஞ்சாலையில் இருக்கும் செகி, குவானா ஆகிய ஊர்களுக்குத் தோரியாகப் போகும். மரம் வீணாவதே இல்லை. குளிர்காலத்தில் சூரியன் மிகத் தெற்கே எழும் டிசம்பர் 22ஐ ஒட்டிய நாட்களில், வெளியே நின்று பார்த்தால் இந்தத் தோரிக்கு நடுவே சூரியன் எழும். அதற்காகவே விடியலில் கூட்டம் கூடும்.

பாலம் கடந்து வலப்புறம் திரும்பிச் செல்லுங்கள். கைகழுவும் மண்டபம் வரும். ஆனால் முதல் தோரியைத் தாண்டி வலப்பக்கம் சரிவில் இறங்கினால் இசுசு ஆற்றின் கரை. ஆதிகாலத்திலிருந்து வழிபடுவோர் தூய்மை செய்துகொண்ட இடம் இது. 1692இல், அன்றைய ராணுவ ஆட்சியாளரான ஷோகுன் த்சுனயோஷியின் தாய் கெய்ஷோஇன் கொடையாகக் கொடுத்த கற்படிகள் இன்னும் இருக்கின்றன. ஆற்றில் கையை நனைக்கலாம். மழைக்குப் பிறகு கல் வழுக்கும், நீர் வேகமாக ஓடும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நாணயத்தை ஆற்றில் போடாதீர்கள்.

கரைக்குப் பக்கத்திலேயே தகிமத்சுரி நோ காமி. கட்டடம் இல்லை, கல் மட்டும். இசுசு ஆற்றின் காவல் தெய்வம். உள்ளூர்க்காரர்கள் முதலில் இங்கே நின்று, உள்ளே இருக்கும் பெரிய தெய்வத்திடம் தங்களைச் சொல்லி வைக்கும்படி வேண்டிக்கொள்வார்கள். அவசரத்தில் தவறவிடும் இடங்களில் இது முதன்மையானது.

இரண்டாவது தோரி, காகுரா என்ற தெய்வ நடனத்துக்கான மண்டபம் இரண்டையும் கடந்து, பெரிய சுகி மரங்களின் ஊடே நடந்தால் மூலசன்னிதியின் கற்படிகள். மரங்களைத் தடவவோ கட்டிப்பிடிக்கவோ வேண்டாம். ஆயிரக்கணக்கான கைகள் பட்டுப் பட்டை தேய்கிறது. படிகளின் கீழே நின்று புகைப்படம் எடுக்கலாம், மேலே போனதும் கூடாது. செல்போனைப் பையில் போட்டுவிட்டே படி ஏறுங்கள். கையில் வைத்திருந்தாலே காவலர் அருகில் வந்து சைகை காட்டுவார்.

மேலே, வாசலில் தொங்கும் வெள்ளைப் பட்டுத் திரையின் முன் நின்று இரண்டு குனிதல், இரண்டு கைத்தட்டு, ஒரு குனிதல். கூட்டம் நீண்டிருந்தால் நடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை, ஓரத்தில் நின்று வணங்கினாலும் வழிபாடு ஒன்றே. சில நேரம் காற்றில் திரை எழும். தெய்வம் வரவேற்றதாகச் சொல்வார்கள். அந்த நொடியில் உள்ளே எட்டிப் பார்க்கத் தலையை நீட்டாதீர்கள், குனிந்தபடியே இருங்கள். கோட்டும் டையும் அணிந்த சிலர் பூசகரோடு வேலிக்குள் செல்வதைக் காணலாம். புனர்நிர்மாணத்துக்கு நன்கொடை அளித்தவர்களுக்கான சிறப்பு வழிபாடு அது. உடை விதி மிகக் கண்டிப்பானது.

திரும்பும் வழியில் வேலிக்கு மேல் தெரியும் கூரையைப் பாருங்கள். இரு முனைகளிலும் மேல்நோக்கி விரியும் மரக்கட்டைகள் சிகி. முகட்டின் மேல் குறுக்கே கிடக்கும் உருளைகள் கத்சுஓகி. நைக்கூவில் சிகியின் நுனி கிடைமட்டமாக வெட்டப்பட்டிருக்கும், உருளைகள் 10. கெக்கூவில் நுனி செங்குத்து, உருளைகள் 9.

கூரை மட்டும் போதாது என்பவர்கள் அடுத்து வரும் மிஷினே நோ மிக்குராவில் கட்டாயம் நில்லுங்கள். தெய்வத்துக்குரிய நெல்லைச் சேமிக்கும் களஞ்சியம். மூலசன்னிதியின் பாணியிலேயே கட்டியது, பாதையோரத்தில் மறைப்பில்லாமல் நிற்கிறது. தரையிலிருந்து உயர்த்திய தளம், சுவர்ப் பலகைகளின் பொருத்து, தடித்த புல் கூரை எல்லாவற்றையும் ஆறு ஏழடி தூரத்தில் பார்க்கலாம். இசேயின் கட்டடக் கலையே பழங்கால நெற்களஞ்சியத்திலிருந்து வளர்ந்தது. அதை இங்கே கண்ணால் காணலாம்.

பிறகு அராமத்சுரி நோ மியா, அமதெரசுவின் வேகமான வடிவத்துக்கான சன்னிதி. மூலசன்னிதிக்கு அடுத்த தகுதியுள்ள சன்னிதிகளான 14 பெத்சுகூக்களில் முதலிடம் இதற்கே. நைக்கூவில் சொந்த வேண்டுதலுக்கான இடம் இதுதான். இறங்கும் கற்படிகளில் வானத்தைக் குறிக்கும் சீன எழுத்துப் போல வெடிப்புள்ள ஒரு கல் இருக்கும், அதை மிதிப்பதில்லை. கடைசியாக ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் கசாஹினோமி நோ மியா. மங்கோலியப் படையெடுப்பைக் காற்று தடுத்ததாகக் கருதி, 1293இல் இதற்கும் கெக்கூவின் கசே நோ மியாவுக்கும் உயர்ந்த தகுதி அளித்தார்கள். நைக்கூவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முத்திரையும் ரட்சையும்

சன்னிதிகளில் தரும் கோஷுஇன் என்ற முத்திரையை இசேயில் வாங்கினால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். நடுவில் ஒரு சிவப்பு முத்திரை, ஓரத்தில் தேதி. அவ்வளவுதான், வேறெங்கும் இருப்பதுபோல் அலங்காரத் தூரிகை எழுத்து கிடையாது. அதுவே இசேயின் பழைய முறை. வணங்கிய பிறகே வாங்க வேண்டும். சாதாரண நோட்டுப் புத்தகத்தில் போட்டுத் தர மாட்டார்கள், மடிப்புத் தாளால் ஆன கோஷுஇன் புத்தகம் வேண்டும், அங்கேயே வாங்கலாம். கெக்கூ, நைக்கூ இரண்டோடு ஐந்து பெத்சுகூக்களிலும் கிடைக்கும். ரட்சை வாங்கினால் ஓராண்டு வைத்திருந்து சன்னிதியிலேயே திருப்பித் தருவது முறை.

சாப்பாடு, கடைத்தெரு

உஜி பாலத்துக்கு வெளியே 800 மீட்டர் நீளும் ஒஹராய்மாச்சி, அதன் நடுவில் 1993இல் பழைய பாணியில் எழுப்பிய ஒகாகே யோகோச்சோ. 1707இல் தொடங்கிய அகாஃபுகு கடை காலை 5 மணிக்கே திறந்துவிடும். மென்மையான அரிசி மாவு உருண்டையின் மேல் இனிப்புச் சிவப்புப் பயற்று விழுது, மேலே இசுசு ஆற்றின் அலை போல மூன்று விரல் தடம். அரிசி, பயறு, சர்க்கரை என்பதால் சைவர்களும் சாப்பிடலாம். இசே உதோன் அப்படியல்ல. தடித்து மெத்தென்றிருக்கும் நூடுல்ஸின் மேல் ஊற்றும் கறுப்புக் குழம்பில் மீன் சாறு உண்டு, கண்ணுக்குத் தெரியாது. “இறைச்சி இல்லை” என்று கடையில் சொல்வது மீன் சாறு இல்லை என்று பொருளாகாது. கண்டிப்பான சைவர்கள் சோற்று உருண்டையோ பழமோ கையில் கொண்டுவருவதே பாதுகாப்பு. பெரும்பாலான கடைகள் மாலை 5 மணிக்குச் சாத்திவிடும், இரவுச் சாப்பாட்டை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

இந்தத் தெருவில் வீட்டு வாசல்களை நிமிர்ந்து பாருங்கள். புத்தாண்டு முடிந்ததும் ஜப்பான் முழுவதும் அவிழ்த்துவிடும் வைக்கோல் கயிறு இங்கே ஆண்டு முழுக்கத் தொங்கும். நடுவில் உள்ள மரப் பலகையில், தெய்வத்துக்கு இடம் கொடுத்த ஏழை சோமின் ஷோராயின் வழிவந்தோர் வீடு இது என்று எழுதியிருக்கும்.

இன்னொரு அரை நாள் இருந்தால்

முற்காலத்தில் யாத்திரை வந்தவர்கள் கெக்கூவுக்கும் முன்பே ஃபுதாமி கடலில் நீராடினார்கள். இசேஷியிலிருந்து ஜேஆர் ரயிலில் ஃபுதாமினோஉரா நிலையம் போய் 15 நிமிடம் நடந்தால் கடலோரச் சன்னிதி. கடலுக்குள் 9 மீட்டர், 4 மீட்டர் உயரத்தில் இரண்டு பாறைகள், கணவன் மனைவியாக, தடித்த வைக்கோல் கயிற்றால் கட்டியபடி நிற்கின்றன. மே முதல் ஜூலை வரை விடியலில் அவற்றுக்கு நடுவே சூரியன் எழும். இதை வரிசையில் முதலாவதாக வைக்க விரும்பினால், முந்தைய நாள் மாலையே ஃபுதாமிக்குப் போய்விட்டு இசேஷியில் தங்குங்கள். மாலையில் பாறைகளுக்குப் பின் சூரியன் இருக்காது, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.